ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து வந்தோம்

மான்ட்ரியாலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் நூலகத்தில் செய்தி வெட்டுவது. நூலகம் என்று நான் சொல்கிறேனே தவிர, அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பிணவறை என்பார்கள். பழைய செய்தியெல்லாம் அங்கேதான் கிடக்கும் என்பதால் அந்தப் பெயர். காலை எட்டரை மணிக்குள் போய்விட வேண்டும். அன்றைய பத்திரிகை ஐந்து பிரதி மேசையில் இருக்கும். ஒவ்வொரு செய்தியையும் கத்தரித்து, தேதி முத்திரை குத்தி, எந்தப் பொருளோ அந்தப் பழுப்பு உறையில் போட்டு, இரும்பு அலமாரியில் அகர வரிசைப்படி அடுக்க வேண்டும். எழுதுகிறவர்கள் மாடியிலிருந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

சென்னையில் நான் கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருஷம் பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தியவள். இங்கே அது ஒன்றுக்கும் ஆகவில்லை. பிரெஞ்சு தெரியாது, இந்த ஊர்ச் சான்றிதழ் கிடையாது. என் கணவர் உலோகவியல் ஆராய்ச்சிக்காக வந்தவர். அவருடைய உதவித்தொகை அறுபத்தொன்பது வசந்தத்தோடு நின்றுபோனது. அடுத்து ஏதாவது வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வரும்வரை சாப்பிட வேண்டுமே. நான் கத்தரியைக் கையில் எடுத்தேன்.

அதே வசந்தத்தில்தான் இந்த நகரத்துக்கு என்று ஒரு பெரிய பேஸ்பால் அணி வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அப்படி ஓர் அணி வருவது அதுவே முதல் தடவை. பத்திரிகையில் விளையாட்டுப் பக்கங்கள் திடீரென்று பெருகிவிட்டன. நூலகத்தில் இருந்த மற்ற இருவருக்கும் அந்தப் பொடி எழுத்துப் பட்டியல்களை வெட்டப் பொறுமை இல்லை. புதிதாகச் சேர்ந்தவள் தலையில் கட்டினார்கள்.

ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமலே அதன் கணக்கை நான் கற்றுக்கொண்டேன். கிரிக்கெட் கொஞ்சம் தெரியும் என்பதால் இன்னிங்ஸ் என்ற சொல் பயமுறுத்தவில்லை. இங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அடித்தவர் யார், ஓடியவர் யார், பிழை செய்தவர் யார் எல்லாம் ஒரு சாண் நீளப் பட்டியலில் இருக்கும். அதை வெட்டி ஒட்டுவேன். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் கண்ணுக்குள் எண்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

அணி பிறந்து பத்து ஆட்டம்கூட ஆகியிருக்காது. ஒரு காலையில் நான் உள்ளே நுழைந்தபோது விளையாட்டுப் பகுதி ஆசிரியர் எங்கள் அறைக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். பருத்த மனிதர். படி இறங்கி வருவது அவருக்குப் பிடிக்காது. அன்று முகமெல்லாம் சிவந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி எத்தனை நடந்திருக்குன்னு பழசெல்லாம் எடுங்க. நம்ம பையன் நேத்து ஒருத்தனையும் அடிக்க விடலை!"

வெளியூரில் நடந்த ஆட்டம். எதிரணியில் ஒருவருக்குக்கூட ஒரு நல்ல அடி வாய்க்காமல், ஒரே பந்துவீச்சாளர் ஒன்பது இன்னிங்ஸையும் வீசி முடித்திருக்கிறார். நோ-ஹிட்டர் என்று அதற்குப் பெயர். ஐம்பது வருஷம் ஆடிய அணிகளுக்கே அபூர்வமாக வாய்க்கிற விஷயம், பிறந்து இரண்டு வாரமான அணிக்கு வாய்த்துவிட்டது. எனக்கு அன்று அது விளங்கவே இல்லை. யாரும் அடிக்கவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஒன்றும் நடக்காததற்கா இத்தனை கூத்து என்று நினைத்துக்கொண்டே பதினேழு உறைகளை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கொண்டாட்டம் ஒரு மாதம் தாங்கவில்லை. மே மாத நடுவில் தோற்கத் தொடங்கினார்கள். தொடர்ந்து இருபது ஆட்டம். எழுதுகிறவர்களுக்கே புதுச் சொல் தீர்ந்துபோயிற்று. தினமும் காலையில் அதே தலைப்பை வேறு வேறு எழுத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

நகரின் ஓரத்தில், லாசாலில், எங்களுடையது மூன்றாவது மாடி வீடு. கீழே ஒரு சிறு தொழிற்சாலை, பக்கத்தில் இன்னொரு கட்டடத்தின் செங்கல் சுவர். நான் வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றும்போது கணவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பார். முன்னால் தட்டச்சுப் பொறி, பக்கத்தில் அன்று வந்த கடிதங்கள். வேலை இல்லை என்று சொல்லும் கடிதங்களுக்கு ஒரே அளவு, ஒரே மடிப்பு. பிரிக்காமலே தெரிந்துவிடும்.

"இன்னிக்கும் தோத்துட்டாங்களா?" என்று அவர் கேட்பார்.

"ஆமா. உங்களுக்கு?"

"எனக்கும்."

முதலில் நாலைந்து நாள் இதற்குச் சிரித்தோம். பிறகு சிரிப்பதற்குத் தெம்பில்லை. ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. வேறு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இருபத்தோராவது ஆட்டத்தில் அணி ஒருவழியாக ஜெயித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "பரவால்லையே" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சுப் பொறியில் புதுத் தாளைச் செருகினார்.

மறு வருஷம் மகள் பிறந்தாள். ஆறு வாரத்தில் நான் வேலைக்குத் திரும்பினேன். கணவருக்கு மாலை வகுப்பு எடுக்கிற வேலை ஒன்று கிடைத்தது, வாரத்துக்கு மூன்று நாள். பகலில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் சோறு ஊட்டியதும் அவர்தான். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை அப்படி இருப்பதை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்ட் பக்கம் நம்மூர் டாக்டர்கள் வீடுகளில் கூடும்போது, "சார் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்பார்கள். எந்த நிறுவனத்தில் என்று அர்த்தம். நான் பேச்சை மாற்றுவேன். கொஞ்ச நாளில் போவதையே நிறுத்திவிட்டோம்.

எழுபத்தொன்றில் அணிக்கு வந்த ஓர் ஆட்டக்காரரை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வேகமாக வரும் பந்து உடம்பில் பட்டால் அடிக்க நிற்பவருக்கு முதல் தளம், அதாவது ஓட வேண்டிய நான்கு கட்டத்தில் முதலாவது, இலவசம் என்பது விதி. எல்லோரும் விலகிக்கொள்வார்கள். இவர் விலகுவதில்லை. தோளில், முதுகில், விலாவில் வாங்கிக்கொண்டு, மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடப்பார். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் அது ஒரு வரியாக வரும். அந்த வரி அடிக்கடி வருவதை முதலில் கவனித்தது நான்தான். ஒரு துண்டுத்தாளில் எண்ணிக்கொண்டே வந்தேன். ஆகஸ்டில் மாடி ஏறிப்போய் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டச் சொன்னார். இந்த லீகில் அறுபது வருஷமாக யாரும் தாண்டாத எண்ணிக்கையை அவர் தாண்டப்போகிறார் என்று எடுத்துக் காட்டினேன். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த அம்மாளுக்கு எண்ணத் தெரியும் என்று அன்றுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

பருவம் முடியும்போது அந்த எண்ணிக்கை ஐம்பதில் வந்து நின்றது. அன்று வீட்டில் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

கணவர் குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "அடி வாங்கறதுக்கு ஒரு ரெக்கார்டா?" என்றார்.

"அவரு நகராம நிக்கிறாருங்க. அதான் விஷயம்."

"நகராம நின்னா என்ன கிடைக்கும்?"

"முதல் தளம்."

மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தார். நான் அதை இன்னும் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்று படுக்கும்போது தோன்றியது.

அடுத்த வருஷம் அக்டோபர் தொடக்கம். பருவம் முடிய இன்னும் இரண்டு மூன்று ஆட்டங்களே பாக்கி. நம் அணி முதல் இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. ஆசிரியர் மூன்று டிக்கெட்டுகளை என் மேசையில் போட்டார்.

"யாருக்கும் வேண்டாமாம். மூணு வருஷமா வெட்டறீங்க. ஒரு தடவையாவது போய்ப் பாருங்க. ஒரே டிக்கெட்டுல ரெண்டு ஆட்டம்."

லாசாலிலிருந்து ஆட்டம் நடக்கும் ஜாரி பார்க்குக்குப் போவது லேசான காரியம் இல்லை. பஸ் பிடித்து அட்வாட்டர், அங்கிருந்து மெட்ரோ, நடுவில் இறங்கி வேறு தடத்துக்கு மாறி, ஜாரி நிலையத்தில் இறங்கி வெளியே வந்து, பிறகு மேற்கே நடை. இரண்டரை வயதுக் குழந்தையைக் கணவர் தோளில் தூக்கிவந்தார். அன்று அவருக்கு வகுப்பு இல்லை. அவருக்கு வர விருப்பமும் இல்லை. எனக்காக வந்தார்.

மைதானம் நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. பூங்காவுக்குள் இரும்புச் சட்டங்களை முடுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. வலப்புற வேலிக்கு அப்பால் நகராட்சி நீச்சல் குளம். கோடையில் எதிரணியின் பெரிய அடிகள் அதற்குள் போய் விழும் என்று செய்தி வெட்டியிருக்கிறேன். அன்று அதைப் பார்க்கவே குளிரெடுத்தது. கூட்டம் ஏழாயிரம் பேர்தான். முக்கால்வாசி இருக்கை காலி. உலோக பெஞ்சின் சில்லிப்பு கோட்டையும் சேலையையும் தாண்டி ஏறியது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கால் மரத்துப் போகாமலிருக்கத் தரையில் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

வீசியவர், முதல் வருஷத்தில் அந்த அபூர்வத்தைச் செய்தவரேதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. அன்று அவர் வீச்சு அவ்வளவு ஒழுங்காக இல்லை. நாலு பந்து விலகிப் போனால் அடிக்கிறவர் சும்மாவே முதல் தளத்துக்கு நடக்கலாம். அப்படி எதிரணிக்காரர்கள் அடிக்கடி நடந்துகொண்டிருந்தார்கள். தளங்களில் யாராவது நின்றுகொண்டே இருந்ததால், யாரும் அடிக்கவில்லை என்பது என் கண்ணில் படவில்லை. குழந்தை மடியில் நெளிந்தாள். அவளுடைய ஒரு ஷூ பெஞ்சின் இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிட்டது. கணவர் படிக்கட்டு சுற்றி அடியில் போய்த் தேடி எடுத்துவர ஒரு இன்னிங்ஸ் ஆயிற்று. அவளுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது.

"இன்னொரு ஆட்டம் வேற இருக்கா இதுக்கப்புறம்?" என்றார் கணவர்.

"இருக்கு."

"உனக்குப் பாக்கணுமா?"

நான் ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். நம் அணி நன்றாகவே முன்னால் இருந்தது. இதில் இனி என்ன நடக்கப்போகிறது என்று பட்டது. ஆறு இன்னிங்ஸ் முடிந்து ஏழாவது தொடங்கிக்கொண்டிருந்தது.

"போலாங்க. குழந்தை தாங்க மாட்டா," என்றேன்.

மெட்ரோவுக்குப் போகும் வழியில் ஒரு தெப்பனேர் இருந்தது. இந்த ஊரில் மூலைக்கடையை அப்படித்தான் சொல்வார்கள். குழந்தைக்குப் பால் வாங்க நான் மட்டும் உள்ளே போனேன். கல்லாவில் இருந்தவரும் இன்னும் இரண்டு ஆண்களும் ஒரு ரேடியோவைச் சுற்றிக் குனிந்து நின்றிருந்தார்கள். பிரெஞ்சில் யாரோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"போன்ஜூர். பால் வேண்டும்," என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். பேசாதே என்று. காத்திருந்தேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே கை. மற்ற இருவரில் ஒருவர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். நாலு வருஷமாக இந்த நகரத்தில் நான் விழுங்கிவைத்திருந்த அவமானம் எல்லாம் அந்த நிமிஷம் மேலே வந்தது. பால் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"நம்ம மூஞ்சியப் பாத்தா குடுக்க மாட்டானாம்."

அவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை என் மேசையில் இருந்த ஐந்து பிரதிகளின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் அந்தக் கையின் அர்த்தம் புரிந்தது. கடைசிவரை ஒருவரும் அடிக்கவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே பெரிய லீக் ஆட்டத்தில் இப்படி நடந்தது இதுவே முதல் தடவை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று படித்தேன். ஷூ, பால், மூக்கு ஒழுகல். நான் அங்கே இருந்தேன். நான் அங்கே இல்லை.

ஆசிரியர் படியிறங்கி வந்தார். "நேத்து நீங்க அங்க இருந்தீங்க இல்ல!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "இந்தக் கட்டடத்துல எழுதப் போனவனைத் தவிர நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க. கடைசி ஆள் அவுட் ஆனப்போ எப்படி இருந்தது?"

நூலகத்தின் மற்ற இருவரும் கத்தரியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். மூன்றரை வருஷத்தில் அந்த அறையில் யாரும் என்னை எதையும் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை. குழந்தைக்குக் குளிர் என்று கிளம்பிவிட்டோம் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். வாய் வரவில்லை.

"எல்லாரும் எழுந்து நின்னாங்க," என்றேன். "யாரும் பேசலை. அப்புறம் ஒரே சத்தம்."

அப்போதுதான் படித்த செய்தியிலிருந்து எடுத்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். எதற்குக் குறிக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பத்தி வந்திருந்தது. எங்கள் நூலகத்தில் பணிபுரியும் இந்தியப் பெண்மணி, சேலையும் சால்வையுமாக, கடைசிப் பந்து வீசப்படும்போது குளிரில் எழுந்து நின்று கைகூப்பிப் பிரார்த்தித்தார் என்று. நல்லவேளை, பெயர் போடவில்லை. நான் சொன்னது பொய். அவர் அதற்கு மேலே பிரார்த்தனையையும் சேர்த்துவிட்டார். அந்தப் பத்தியை வெட்ட வேண்டியவளும் நானே. இரண்டு பிரதி வெட்டினேன். தேதி குத்தினேன். ஒன்று அணியின் உறைக்கு, மற்றது நோ-ஹிட்டர் உறைக்கு. அலமாரி இழுப்பறையை மூடும்போது கை வேகமாக வேலை செய்தது.

வீட்டுக்குக் கொண்டுபோன பிரதியில் கணவர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "ஏன் இப்படிச் சொன்னே?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அவரே அதை வெட்டி, திருச்சியில் இருந்த தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தோடு வைத்தார். அந்த வருஷம் ஊருக்கு எழுதுவதற்கு அவரிடம் வேறு செய்தி இல்லை.

பத்து நாள் கழித்து, பத்திரிகை முகவரிக்கு, "நூலகத்து அம்மையாருக்கு" என்று ஒரு கடிதம் வந்தது. தட்டுத்தடுமாறிய ஆங்கிலம், நடுநடுவே பிரெஞ்சு. எழுதியவர் வெர்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் பெண். தையல் தொழிற்சாலைத் தொழிலாளி. மழையில் வீட்டுக்கு வெளியே இருக்கும் இரும்புப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாராம். அன்று ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உடம்பு முடியாமல் போனதால் எட்டாவது இன்னிங்ஸில் ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டார்களாம். "நீங்கள் கண்ணால் பார்த்தவர். பத்திரிகையில் படிப்பது போதவில்லை. அந்தக் கடைசி இரண்டு இன்னிங்ஸ் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுவீர்களா?"

அந்தக் கடிதத்தை நாலு நாள் கைப்பையில் வைத்திருந்தேன். எழுதிவிடலாம். எல்லாச் செய்தியும் என் அலமாரியில் இருக்கிறது. யார் எந்தப் பந்தை எப்படிப் பிடித்தார்கள் என்றுகூட எழுதலாம். எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே போனேன். எட்டுப் படுக்கை போட்ட வார்டு. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நீண்ட முகம், நரைக்கத் தொடங்கிய தலைமுடியை இறுக்கிப் பின்னியிருந்தார். என் சேலையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மாதாம்! நேர்லயே வந்துட்டீங்களா?"

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். "நான் கடைசிவரை இல்லை. ஏழாவது தொடங்கும்போது கிளம்பிட்டோம். பேப்பர்ல வந்தது உண்மை இல்லை."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகத்தான் போயிற்று.

"கிளம்பிட்டீங்களா? யாரும் அடிக்காம இருக்கும்போதா?"

"கவனிக்கலை. குழந்தைக்குக் குளிர்."

"நான் இங்கேருந்து நகர முடியாம கிடக்கறேன். எனக்கு வேற வழியில்லை. நீங்க எழுந்து வந்திருக்கீங்க." கூரையைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கொண்டுபோயிருந்த ஆரஞ்சுகளை மேசையில் வைத்தேன். போகவா நிற்கவா என்று தெரியவில்லை. கால் வலித்தது. அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், "அந்தப் பிரார்த்தனை?"

"அது ஆசிரியர் எழுதினது."

அதற்கு அவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் இடுப்பு வலித்தது போலிருக்கிறது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தபோது, "சரி, இருந்த வரைக்கும் சொல்லுங்க," என்றார்.

என்னிடம் இருந்ததைச் சொன்னேன். பெஞ்சின் குளிர். காலை உதைத்துக்கொண்டிருந்தவர்கள். எதிரணிக்காரர்கள் சும்மா சும்மா முதல் தளத்துக்கு நடந்தது. கீழே விழுந்த ஷூ. விளக்குப் போட்டதும் பச்சைப் புல் கண்ணைக் கூசவைத்தது. பால் கடையையும் சொன்னேன். கடைக்காரர் கையை உயர்த்தியதைச் சொன்னபோது, "அவன் செஞ்சது சரிதான்," என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், ஐந்தாவது இன்னிங்ஸில் கூட்டம் ஒரு தடவை கத்தியதே, அது எதற்கு என்று. எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். நேரம் முடிந்தது என்று நர்ஸ் மணி அடித்தார். "மெர்சி" என்று நன்றி சொன்னார். மறுபடி வா என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாடி ஏறி ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"பருவமே முடிஞ்சுபோச்சு. ஹாக்கி வந்தாச்சு. அதை யார் நினைவு வெச்சிருக்காங்க?" என்றார். கோபப்படவில்லை. கொஞ்சம் சலிப்பாகத்தான் பார்த்தார். "விட்டுடுங்க."

கீழே வந்து இரண்டு துண்டுத்தாளில் தட்டச்சு செய்தேன். இந்தப் பத்தியில் குறிப்பிடப்பட்டவர் கடைசி மூன்று இன்னிங்ஸில் மைதானத்தில் இல்லை, பிரார்த்தனை நடக்கவில்லை. இரண்டு உறையிலும் பத்தியோடு சேர்த்துக் குத்திவைத்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. மனசு ஒன்றும் லேசாகிவிடவில்லை. ஆனால் அன்று இழுப்பறையை மூடும்போது அவசரப்படவில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் சந்தோஷப்பட்டாரா என்று தெரியாது. ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குக் கொடுப்பார். அணியில் யாரை விற்பார்கள், யாரை வாங்குவார்கள் என்று பேசுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கு அடுத்த வாரம் போனபோது அந்தப் படுக்கையில் வேறொருவர் இருந்தார். கைத்தடியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாக நர்ஸ் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றார்.

அந்த வாரம் மாமனாரிடமிருந்து ஏர்மெயில் வந்தது. அவருடைய கையெழுத்து பெரிது. தாள் முழுக்க அந்தப் பத்தியைப் பற்றியே. கடல் கடந்து போய், அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவே என் மருமகள் கைகூப்பி நின்றாள் என்று தெருவில் எல்லோருக்கும் காட்டினாராம். கணவர் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத் தாளை மடித்தார்.

"நான் அங்க இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே," என்றேன். "ஏன் அனுப்பினீங்க?"

"அவருக்கு அனுப்பறதுக்கு வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

குழந்தை தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"உண்மையை எழுதணுங்க," என்றேன்.

"எழுது. ஆனா நீயே எழுது. என்னால முடியாது."

நீல நிறக் கடிதத் தாள் ஒன்றில் எழுதினேன். ஆட்டத்தைப் பற்றி நாலு வரி, குளிரைப் பற்றியும் குழந்தையின் சளியைப் பற்றியும் இரண்டு, பிரார்த்தனை செய்யவில்லை என்று ஒன்று. உங்கள் மகன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று வண்டி மாறி வந்தார், கீழே விழுந்த ஷூவை இருட்டில் போய்த் தேடி எடுத்துவந்தார் என்றும் எழுதினேன். ஒட்டுவதற்கு முன் கணவரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். நாக்கால் ஈரப்படுத்தி ஓரங்களை அவரே ஒட்டினார்.

மாமனாரின் அடுத்த கடிதம் வர ஒரு மாதம் ஆயிற்று. பிரார்த்தனையைப் பற்றியோ பத்திரிகையைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. மழை நன்றாகப் பெய்ததாம். குழந்தைக்குச் சளி விட்டதா என்று கேட்டிருந்தார்.